யூஎஸ்பி செத்த நெட்புக்

2010-இல் தொடங்கி, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த ‘ஒரே மலேசியா’ நெட்புக் இன்னமும் குருண், பீடோங் பக்கத்துத் தோட்ட வீடுகளில் அலமாரி மேல் கிடக்கிறது. வாங்கிய பிள்ளை எஸ்பிஎம் தேர்வு முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் கட்டியிருப்பான். நெட்புக்கை மட்டும் யாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். குருணில் வேலை முடிந்து வந்த பிறகு வீட்டிலேயே கணினி பழுது பார்க்கிறவன் நான். அப்படிப்பட்ட நெட்புக் ஒன்றைத் தோட்டத்துக் கோயில் பொருளாளர் மாமா பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“தம்பி, திருவிழா வரவு செலவு எழுதணும். தமிழ்ல அடிக்கணும். அவ்வளவுதான். கடையில கேட்டா, இதுல ஒண்ணும் ஏத்த முடியாதுங்கிறான்.”

கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நெட்புக்கில் சிடி போடும் இடம் பிறவியிலேயே கிடையாது. யூஎஸ்பி துளைகளில் ஒன்று உடைந்திருந்தது, மற்றவற்றில் பென்டிரைவைச் செருகினால் விளக்குகூட எரியவில்லை. உள்ளே இருந்ததோ விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத கஞ்சப் பதிப்பு அது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களும் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன.

ஆனால் புது இயங்குதளம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்று கணினிக்குள் எந்தச் சட்டமும் இல்லை. சுவிட்சைப் போட்டதும் பயாஸ் விழித்து, வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து, அங்கே இருக்கும் சின்ன நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் நிறுவியும் பெரிய மந்திரம் இல்லை. கெர்னல் என்ற ஒரு கோப்பு, அதற்குத் துணையாக ஆரம்பக் கருவிகள் அடங்கிய இன்னொரு கோப்பு, இந்த இரண்டும் நினைவகத்துக்குள் ஏறிவிட்டால் போதும். பென்டிரைவிலிருந்து ஏறினவையா, கேபிள் வழியாக வந்தவையா, உள்ளே இருக்கும் வட்டிலிருந்தே வந்தவையா என்று அவை பார்ப்பதில்லை.

மாமாவின் விண்டோஸ் மெதுவாகவாவது ஓடியது. அது போதும். பழைய விண்டோஸின் கையாலேயே புதியதை உள்ளே வரவழைக்கலாம்.

முதலில் படங்கள். நெட்புக்கில் மாமாவின் மகன் எடுத்த பழைய திருவிழாப் படங்கள் இருந்தன. யூஎஸ்பி வேலை செய்யாததால், லேன் கேபிளை என் கணினியில் மாட்டி, ஃபோல்டரைப் பகிர்ந்து, அத்தனையையும் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகிற ஆளிடம் உங்கள் கணினியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது செயலி. அந்தக் காலத்து நெட்புக்குகளில் இன்டெல் ஆட்டம் செயலி இருக்கும். என்270 என்றால் 32 பிட், என்450, என்455 என்றால் 64 பிட். இது இப்போது பெரிய விஷயம். நான் ஏற்ற நினைத்த லினக்ஸ் வகை டெபியன். 2025 ஆகஸ்டில் வந்த அதன் 13-ஆம் பதிப்பு, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை நிறுத்திவிட்டது. மாமாவுடையது என்455, நினைவகம் 1 ஜிபி. தப்பித்தது.

விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மெண்ட்’ என்ற பகுதிக்குப் போய் சி டிரைவைச் சுருக்கினேன். கிடைத்த இடத்தில் சில ஜிபிக்கு ஃபேட்32 முறையில் தனிப் பகுதி. டெபியனின் சின்ன ஐஎஸ்ஓ கோப்பை இணையத்திலிருந்து இறக்கி அங்கே வைத்தேன். பக்கத்திலேயே அந்த இரண்டு கோப்புகள். இவற்றை எடுக்கும்போது ‘எச்டி மீடியா’ என்ற ஃபோல்டரில் இருப்பவற்றைத்தான் எடுக்க வேண்டும். வட்டுக்குள் ஐஎஸ்ஓ எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் திறமை அவற்றுக்குத்தான் உண்டு. பிறகு கிரப்4டாஸ் என்ற இலவச நிரலைச் சி டிரைவில் போட்டு, விண்டோஸ் தொடங்கும் பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன். அடுத்த முறை திறந்தபோது விண்டோஸுக்குக் கீழே இன்னொரு பெயர் வந்தது. அம்புக்குறியை இறக்கி எண்டர் தட்டினால் டெபியன் நிறுவி மொழி கேட்கிறது.

இங்கே கவனம் தேவை. நிறுவி எந்தப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறதோ அந்தப் பகுதியை அழிக்கச் சொல்லக் கூடாது. விண்டோஸ் இருந்த இடத்தை மட்டும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, நம் ஊர்ச் சமாச்சாரம். இந்த மாதிரி நெட்புக்கில் பேட்டரி என்றோ செத்திருக்கும், வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். குனோங் ஜெராய் உச்சியில் மேகம் கட்டிய மாலையில் வட்டைப் பிரிக்கும் வேலையைத் தொடவே தொடாதீர்கள். இடி விழுந்து கரண்ட் போனால் பழைய விண்டோஸும் போச்சு, புதியதும் வரவில்லை. காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேதியையும் பாருங்கள். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால் கணினி தன்னை 2010-இலேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்பில் இணையத்தைத் தொட்டால், பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் எதிர்காலத்தில் எழுதியவை என்று சந்தேகப்பட்டு இறக்க மறுக்கும். பிழைச் செய்தி வேறெதையோ சொல்லும், நாம் மோடத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். பயாஸுக்குள் போய்த் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது.

விண்டோஸே எழும்பவில்லை என்றால் லேன் கேபிள். பிஎக்ஸ்இ என்ற இந்த ஏற்பாட்டை இன்டெல் 1990-களின் கடைசியில் வகுத்தது. ஒவ்வொரு மேசைக்கும் சிடியைத் தூக்கிக்கொண்டு அலையாமல், அலுவலகத்தின் அத்தனை கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து ஏற்ற அது உதவியது. பயாஸில் ‘நெட்வொர்க் பூட்’ என்று இருப்பதைத் தேர்ந்தால், வட்டில் ஒன்றுமே இல்லாத கணினிகூட கேபிள் வழியாக “எனக்கு முகவரி கொடுங்கள், ஓட ஒரு கோப்பும் கொடுங்கள்” என்று கேட்கும். மறுமுனையில் இன்னொரு லேப்டாப்பில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலை ஓடவிட்டால் இரண்டையும் அது கொடுக்கும். வீட்டு மோடமும் அதே நேரத்தில் முகவரி கொடுக்கக் கிளம்பிக் குழப்பும் என்பதால், நான் இரண்டு கணினிகளையும் நேரடியாக ஒரே கேபிளில் இணைத்துவிடுவேன். வைஃபையில் இது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் சரிப்படவில்லை என்றால் திருப்புளி. வட்டைக் கழற்றி வேறொரு லேப்டாப்பில் போட்டு, அங்கே லினக்ஸை ஏற்றி, மறுபடி இங்கே மாட்டலாம். லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் எந்த உடம்பில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வதால் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது, விண்டோஸ் பிடிக்கும். இரவல் லேப்டாப்பின் சொந்த வட்டை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள், தவறிப்போய் அதை அழித்தால் நட்பு போய்விடும். பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்த பிறகு செய்த கணினிகளில் ஒரு சிக்கல் உண்டு. எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்ற குறிப்பு வட்டில் இருக்காது, தாய்ப்பலகையில் இருக்கும். வட்டோடு அது கூட வராது. நிறுவும்போதே ‘கழற்றக்கூடிய வட்டு’க்கான பாதையிலும் பூட் கோப்பைப் போடச் சொல்லிவிட்டால் புது வீட்டிலும் எழும்பும்.

மாமாவின் நெட்புக்கில் எல்எக்ஸ்கியூடி என்ற இலேசான திரைச்சூழலைப் போட்டேன். லிப்ரெ ஆபிஸ் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், திறந்த பிறகு கணக்கு எழுதத் தாராளமாகப் போதும். தமிழ் விசைப்பலகை எது வேண்டும் என்று கேட்டேன். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலில் பழகிய கை அவருடையது. ‘அம்மா’ என்பதை ஒலிப்படி ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக வரவேண்டும். லினக்ஸில் அதே போக்கில் ஓர் ஒலிபெயர்ப்பு முறை இருக்கிறது, அதைச் சேர்த்துவிட்டேன். ஒன்றிரண்டு எழுத்துக்கு விசை மாறியிருப்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

“சரி தம்பி, கணக்கைப் பிரிண்ட் எடுக்கணுமே?”

சாதாரண பிரிண்டருக்கு யூஎஸ்பி வேண்டும். லேன் கேபிளோ வைஃபையோ உள்ள பிரிண்டராக இருந்தால் கொண்டு வாருங்கள் என்றேன். கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.