பனியைத் தலையால் தள்ளும் பைசன்

அமெரிக்கக் காட்டெருதான பைசனைப் பார்த்தால், முன்பாதி ஒரு விலங்கு, பின்பாதி இன்னொரு விலங்கு என்றுதான் தோன்றும். முன்னால் பெரிய திமில், தாழத் தொங்கும் தலை, தாடி, முன்னங்கால் வரை அடர்ந்த சடை. பின்னாலோ குறுமயிரும் ஒடுங்கிய இடுப்பும்தான். நம் கொடைக்கானல் பக்கம் தோட்டங்களிலும் சாலைகளிலும் நிற்கும் காட்டுமாடு வேறு இனம். அதன் உடம்பில் இந்தச் சடையெல்லாம் கிடையாது.

ஆண் பைசன் 900 கிலோ வரை எடை போடும். தோள் உயரம் 1.8 மீட்டரை எட்டும். பெண் அதில் பாதி எடைதான். கொம்பு இரண்டுக்கும் உண்டு.

திமிலில் இருப்பது ஒட்டகத்துக்கு உள்ளதுபோல் கொழுப்பு அல்ல. முதுகெலும்பிலிருந்து மேல்நோக்கி நீண்டு நிற்கும் எலும்புகளும் அவற்றைப் பற்றிய தசைகளும்தான் அது. அந்தக் கனத்த தலையைத் தாங்கி ஆட்டுவது இந்தத் தசைகளே. குளிர்காலத்தில் மான்கள் குளம்பால் பனியைத் தோண்டிப் புல் தேடும். பைசன் அப்படிச் செய்வதில்லை. முகத்தைப் பனிக்குள் நுழைத்து இடமும் வலமுமாக வீசித் தள்ளும். அடியில் காய்ந்த புல் தென்பட்டதும் மேயத் தொடங்கும். அப்போது முதுகின்மேல் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கும். உடல் வெப்பத்தை மயிர் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

வசந்தத்தில் பிறக்கும் கன்றுகள் செம்பழுப்பாக இருக்கும். சில மாதங்களில் கருமை ஏறிவிடும். ஆண்டின் பெரும்பகுதி பெண்களும் கன்றுகளும் ஒரு கூட்டம். வளர்ந்த ஆண்கள் தனியாகவோ சிறு குழுவாகவோ திரியும். ஜூலை, ஆகஸ்டில் இணைசேரும் பருவம் வந்ததும் அவை கூட்டத்தோடு சேர்ந்து, உறுமி, தலையோடு தலை மோதும். புழுதியில் புரளுவதும் அப்போது அதிகம். புரண்டு புரண்டு பள்ளமான இடங்களில் மழைநீர் தேங்கிக் குட்டையாகிவிடுவதும் உண்டு.

வட அமெரிக்கச் சமவெளிகளில் கோடிக்கணக்கில் மேய்ந்த இவற்றைத் தோலுக்காகவும், இவற்றையே நம்பி வாழ்ந்த பூர்வகுடிகளை ஒடுக்கவும் சுட்டுத் தள்ளினார்கள். 1902இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு டஜன். இன்று அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. 2016இல் பைசன் அமெரிக்காவின் தேசியப் பாலூட்டியானது.

யெல்லோஸ்டோனுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அசைபோட்டுக்கொண்டு நிற்கிறதே என்று செல்ஃபிக்காக நெருங்கிவிடாதீர்கள். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. அந்தப் பூங்காவில் மற்ற எந்த விலங்கையும்விட அதிகப் பேரைக் காயப்படுத்தியிருப்பது கரடி அல்ல, இதுதான். குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. வால் மேலே தூக்கிக்கொண்டால் அந்தத் தூரமும் போதாது, உடனே விலகிவிடுங்கள்.