போடிமெட்டு ஏறினால் ரேஞ்ச் ஏன் குறைகிறது?

விலை குறைந்த மின்ஸ்கூட்டருக்கு 'ஒரு சார்ஜில் 100 கிலோமீட்டர்' என்பது பொய்யல்ல, சமதளக் கணக்கு. பாலக்காட்டுக் கணவாயில் அது ஓரளவு செல்லும், இடுக்கி எல்லையில் செல்லாது. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டு சேர்வதற்குள் சுமார் 1,000 மீட்டர் ஏற்றம். வண்டியும் இரண்டு பேருமாக 250 கிலோ என்றால், அதைத் தூக்கவே 0.68 யூனிட் மின்சாரம் வேண்டும். மோட்டார் சூடும் டயர் உராய்வும் சேர்ந்தால் ஒரு யூனிட்டைத் தாண்டும். 2 யூனிட் பேட்டரியில் பாதி காலி.

இறக்கத்தில் சார்ஜ் திரும்புமே என்பார்கள். வசதியுள்ள வண்டியில் திரும்பும், ஒரு பங்குதான். உச்சியில் முழுச் சார்ஜ் போட்டு இறங்கினால் நிரம்பிய பேட்டரி அதையும் வாங்காது. பெட்ரோல் வண்டியும் ஏற்றத்தில் கூடத்தான் குடிக்கும், ஆனால் பங்கில் இரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். பாலக்காட்டுக்காரர் தாராளமாக வாங்கலாம்; போடிமெட்டு ஏறி இறங்கும் பூப்பாறைக்காரர் பேட்டரி யூனிட்டைப் பார்த்து வாங்கட்டும்.