பைபாஸுக்குப் பிறகு ஸ்ரென்ட்: நீரிழிவு உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

அத்தானுக்குப் பதினான்கு வருடங்களுக்கு முன் சென்னையில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்தது. சலரோகம் அதற்கு முன்பே இருந்தது. போன மாரிகாலத்தில் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றார். நெஞ்சுநோ இல்லை. வயது போகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம். இங்கே பரிசோதித்தபோது, காலிலிருந்து எடுத்துப் பொருத்திய குழாய்களில் ஒன்று முற்றாக அடைபட்டிருந்தது, மற்றது ஒடுங்கியிருந்தது. ஸ்ரென்ட் வைக்கலாம் என்றார்கள்.

"அப்ப அந்த ஒபரேஷன் பிழைச்சுப் போச்சோ?" என்று அக்கா கேட்டா.

நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனாலும் அக்காவுக்குப் பதில் சொல்வதற்காக வாசித்தும் வைத்தியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். எங்கள் ஆட்களிடையே சலரோகமும் இருதய நோயும் சேர்ந்தே இருக்கும் வீடுகள் அதிகம்.

பைபாஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. அடைபட்ட பாதையைச் சுற்றி ஒரு மாற்றுப் பாதை போடுகிறது, அவ்வளவுதான். அதற்கு இரண்டு வகைக் குழாய்களைப் பெரும்பாலும் பயன்படுத்துவார்கள். ஒன்று நெஞ்சுக்கூட்டின் உட்பக்கத்தில் ஓடும் நாடி. மற்றது காலிலிருந்து எடுக்கும் நாளம். நாளம் குறைந்த அழுத்தத்துக்குப் படைக்கப்பட்டது. நாடியின் அழுத்தத்தை அது வருடக்கணக்காகத் தாங்கும்போது சுவர் தடித்து, கொழுப்புப் படிந்து ஒடுங்குகிறது. பத்து வருடங்களில் ஏறக்குறையப் பாதி நாளக் குழாய்கள் அடைபட்டோ மோசமாக ஒடுங்கியோ விடுகின்றன. இருதயத்தின் முன்பக்க நாடியில் பொருத்திய நெஞ்சு நாடியோ பத்து வருடங்களின் பின்னும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கிறது. எங்கள் தொழிலில் இதைப் பெறுமானத் தேய்வு என்போம். அத்தானின் ஒபரேஷன் பிழைக்கவில்லை. அந்த நாளத்தின் பயன்தரு ஆயுள் முடிந்துவிட்டது.

இன்னொரு பைபாஸ் ஏன் செய்யக்கூடாது? ஒருமுறை திறந்த நெஞ்சில் தழும்பு ஒட்டியிருக்கும். மீண்டும் திறக்கும்போது நன்றாக வேலை செய்யும் நெஞ்சு நாடி காயப்படலாம். முதல் முறையை விட ஆபத்தும் கூட. ஆகவே அந்த நாடி திறந்திருந்தால் வைத்தியர்கள் பெரும்பாலும் ஸ்ரென்ட்டையே முதலில் யோசிப்பார்கள்.

பழைய நாளத்துக்குள் ஸ்ரென்ட் வைப்பதும் இலகுவல்ல. உள்ளே படிந்திருப்பது உதிரக்கூடியது. அது உடைந்து ஓடினால் கீழேயுள்ள சிறு குழாய்களை அடைக்கும். 2002இல் வெளிவந்த சேஃபர் ஆய்வில் 801 நோயாளிகள் இருந்தார்கள். உதிர்வதைப் பிடிக்கும் தடுப்புக் கருவி இல்லாதவர்களில் 16.5 சதவீதத்தினருக்கு 30 நாட்களுக்குள் பாரதூரமான பாதிப்பு வந்தது. கருவி பயன்படுத்தியவர்களில் அது 9.6 சதவீதம். மருந்து பூசிய ஸ்ரென்ட் என்றால் கவலை இல்லை என்றும் நினைக்க முடியாது. 2018இல் வெளிவந்த டீவா ஆய்வில், நாளக் குழாய்களில் மருந்து பூசியதற்கும் பூசாததற்கும் ஒரு வருட முடிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

"சலரோகக்காரருக்கு ஸ்ரென்ட் சரிவராது, பைபாஸ்தான் நல்லது" என்று உறவினர் பலர் சொன்னார்கள். அதற்கு ஆதாரம் 2012இன் ஃபிரீடம் ஆய்வு. பல நாடிகளில் அடைப்புள்ள 1,900 நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்ததில், ஐந்து வருடங்களில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து ஸ்ரென்ட் பிரிவில் 26.6 சதவீதம், பைபாஸ் பிரிவில் 18.7 சதவீதம். ஆனால் கூட்டுத்தொகைக்குள் ஒரு வரி எதிர்ப்பக்கம் நிற்கிறது: பக்கவாதம் மட்டும் பைபாஸில் 5.2, ஸ்ரென்ட்டில் 2.4. அதைவிட முக்கியம், ஏற்கனவே பைபாஸ் செய்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஒரு கொம்பனியின் ஐந்தொகையை வைத்து இன்னொரு கொம்பனியின் இலாபத்தைச் சொல்ல முடியாது.

உண்மையையும் சொல்ல வேண்டும். சலரோகமும் பழைய பைபாஸும் உள்ளவர்களுக்கு ஸ்ரென்ட் வைத்த பிறகு மீண்டும் அடைப்போ மாரடைப்போ வரும் வாய்ப்பு மற்றவர்களை விடக் கூட. ஸ்ரென்ட் ஓரிடத்தைத்தான் திறக்கும். நோய் எல்லாக் குழாய்களிலும் இருக்கிறது. மிச்ச வேலை எங்களுடையது.

குருதி உறைவதைத் தடுக்கும் இரண்டு குளிசைகளை இருதய வைத்தியர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. பல்லுப் பிடுங்கவோ, விரதத்துக்கோ, ஊருக்குப் போன இடத்தில் முடிந்துவிட்டதென்றோ நிறுத்தினால் ஸ்ரென்ட்டுக்குள் குருதி உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எல்.டி.எல். கொலஸ்ரோலை 1.4 மில்லிமோலுக்குக் கீழே, அதாவது 55 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது 2019இன் ஐரோப்பிய வழிகாட்டல். எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து, இருதய நோயுள்ள நீரிழிவுக்காரரின் இருதய மரணங்களை 38 சதவீதம் குறைத்ததாக 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியான மருந்து தங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். சலரோகத்தில் நெஞ்சுநோ இல்லாமலே மாரடைப்பு வரலாம். மூச்சுவாங்கல், காரணமில்லாத களைப்பு, வியர்வை என்பவற்றை வயது என்று தள்ளிவிடாதீர்கள்.

கடைசியாக, கணக்காளனாக ஒன்று. எந்தக் குழாய் எந்த நாடியில் பொருத்தப்பட்டது என்ற பழைய ஒபரேஷன் அறிக்கை அத்தானிடம் இருக்கவில்லை. நாடு மாறி, வீடு மாறி வந்ததில் எங்கோ தொலைந்துவிட்டது. ஆகவே வைத்தியர்கள் ஒவ்வொரு குழாயாகத் தேட வேண்டியிருந்தது. அதற்குக் கூடுதல் சாயம் ஏற்றினார்கள். அந்தச் சாயம் சலரோகத்தால் ஏற்கனவே களைத்த சிறுநீரகத்துக்குச் சுமை. அத்தான் தப்பினார், இப்போது படியேறுகிறார். சிறுநீரகம் தேற இரண்டு கிழமை எடுத்தது.

உங்கள் வீட்டில் பைபாஸ் செய்தவர் இருந்தால், இன்றைக்கே அந்த அறிக்கையைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் செய்த வைத்தியசாலைக்கு எழுதிக் கேளுங்கள். கடவுச்சீட்டோடு சேர்த்து ஒரு பிரதியை வையுங்கள்.