பனிமலர் பெயர் எங்கே?

பவளம், பழனி, பனிமலர் என்று ஒரு வகுப்பில் மூன்று பிள்ளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர்களை அகர வரிசையில் எழுதச் சொன்னால் வாத்தியார் எப்படி எழுதுவார்? முதலில் பவளம். அடுத்து பழனி. கடைசியில் பனிமலர்.

கம்ப்யூட்டரிடம் கொடுத்துப் பாருங்கள். விவரம் சொல்லாமல் விட்டால் பனிமலரை முதலில் நிறுத்தும்! நடுவில் பழனி. கடைசியில் பவளம். எல்லாம் தலைகீழ்!

மூன்று பெயர் என்றால் கண்ணில் பட்டுவிடும். மூவாயிரம் பெயர் என்றால்? பனிமலர் பட்டியலின் அடியில் தேடுவாள். பெயர் இராது. "என்னை விட்டுவிட்டார்கள்" என்று அழுதுகொண்டே வீட்டுக்குப் போவாள்.

எழுத்துக்கு நம்பர்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. நம்பர்தான் தெரியும். ஆகவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் உண்டு. 1991-ல் வெளிவந்த "யூனிகோடு" என்ற முறையில் "ன" 2985. "ழ" 2996. "வ" 2997.

தொல்காப்பியக் காலத்திலிருந்தே தமிழின் கடைசி மெய்யெழுத்து "ன". ஆனால் யூனிகோடில் இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே மாதிரிக் கட்டம் போட்டார்கள். நாகரி எழுத்து வரிசையை ஒட்டிய கட்டம் அது. அதில் "ந"வுக்குப் பக்கத்தில் "ன"வை உட்கார வைத்துவிட்டார்கள். வந்தது வினை!

டிரில் மாஸ்டர் வேலை

வரிசைப்படுத்தும் வேலை கடினம் அல்ல. டிரில் மாஸ்டர் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்கும் இருவரைப் பார்க்கிறார். முன்னால் இருப்பவன் உயரமா? இடம் மாற்றுகிறார். அடுத்த இருவரைப் பார்க்கிறார். யாரையும் மாற்றத் தேவையில்லாத சுற்று வரும்வரை இதே வேலைதான். கம்ப்யூட்டரும் இப்படிச் செய்யலாம்.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 9, 10, 100 என்ற எண்களை எழுத்துக்களாக நினைத்துக்கொண்டால், கம்ப்யூட்டர் 10, 100, 9 என்று அடுக்கும். முதல் இலக்கத்தைப் பார்க்கிறது, ஒன்பதைவிட ஒன்று சிறியது, முடிந்தது தீர்ப்பு! "இவை எண்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சரியாக அடுக்கும்.

தமிழுக்கும் அதுவே வழி. "க" 1, "வ" 14, "ழ" 15, "ன" 18 என்று நம் வரிசைப்படி ஓர் அட்டவணை கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து ஒப்பிட்டால் பனிமலர் தன் இடத்துக்கு வந்துவிடுவாள். நல்ல புரோகிராம்களில் இந்த அட்டவணை தயாராகவே இருக்கிறது. கேட்டு வாங்கவேண்டியதுதான் பாக்கி.

புள்ளி செய்யும் குறும்பு

அகராதியில் "பக்கம்" முந்தி; "பகல்" பிந்தி. ஆனால் யூனிகோடில் புள்ளிக்கென்று தனி நம்பர்: 3021. "ல"வுக்கு 2994தான். ஆகவே கம்ப்யூட்டர் "பகல்" என்பதை முன்னே தள்ளிவிடும். அட்டவணை எழுதுகிறவர் "க்" என்பதற்கு "க"வுக்கு முந்திய இடத்தைத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும்.