பிளாஸ்மா வரும்வரை காத்திருக்கலாமா?



ஸ்ரீரங்கத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அம்மா எழுந்து, மடித்து வைத்திருந்த பேப்பர் துண்டை நீட்டினார். பிளாஸ்மா என்ற புது முறையால் கண் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று அதில் போட்டிருந்தது. அவர் பேத்திக்கு ஒன்றரை வயது. ஒரு கண்ணுக்குள் புற்றுக்கட்டி. அந்தக் கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது, கண்ணை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பொம்பளப் புள்ளைம்மா. இது வர்ற வரைக்கும் ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டார். எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறோம்.

பிளாஸ்மா என்ற சொல் நம் ஊருக்குப் புதுசு இல்லை. துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் பெல் கம்பெனிக்கு வேலை செய்யும் பட்டறைகளில் 'பிளாஸ்மா கட்டிங்' மிஷினில்தான் இரும்புத் தகட்டை வெட்டுவார்கள். 2020-ல் கொரோனா நேரத்தில் பிளாஸ்மா தானம் என்று கேட்டோமே, அது வேறு. அது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. பெயர் மட்டும்தான் ஒன்று. நாம் பேசுவது பட்டறைப் பிளாஸ்மாவின் தங்கச்சி. காற்று போன்ற ஒரு வாயுவில் பலமான மின்சாரம் பாயும்போது, அதன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான் என்ற மிகச் சிறிய துகள்கள் கழன்று ஓடும். அந்த நிலைக்குத்தான் பிளாஸ்மா என்று பெயர். மின்னலும் அதுதான், டியூப் லைட்டுக்குள் ஒளிர்வதும் அதுதான்.

இரும்பை வெட்டுவதையா கண்ணில் வைப்பார்கள்? இல்லை. இது குளிர் பிளாஸ்மா. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு கொளுத்தினால் பொறி கையில் விழும், ஆனால் அவ்வளவாகச் சுடாது. பொறி சூடுதான், ஆனால் ரொம்பச் சின்னது. அதுபோல இதில் எலக்ட்ரான்கள் மட்டும் சூடாக இருக்கும், வாயு ஏறக்குறைய உடம்புச் சூட்டிலேயே இருக்கும்.

இது காற்றோடு கலக்கும்போது ஆக்சிஜன், நைட்ரஜனிலிருந்து வீரியமான பொருள்கள் உண்டாகின்றன. அவைதான் செல்லைத் தாக்குகின்றன. நல்ல செல் ஓரளவு தாங்கிக்கொள்கிறது. புற்றுச் செல் அப்படி இல்லை. ஏற்கெனவே மூணு இடத்தில் கடன் வாங்கித் தவணை கட்டித் திணறுகிறவருக்கு நாலாவது தவணையும் வந்தால் என்ன ஆகும்? அந்தக் கதைதான். கன்னாபின்னாவென்று வளர்வதால் அதற்குள் இந்த மாதிரிப் பொருள்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும். இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் செத்துவிடும்.

பேப்பரில் வந்தது பொய் இல்லை. ஆறாத புண்ணை ஆற்ற ஜெர்மனியில் 2013 முதலே குளிர் பிளாஸ்மா கருவி பயன்பாட்டில் இருக்கிறது. அமெரிக்காவில் 2019-ல் அனுமதி வாங்கி, சுமார் 20 புற்றுநோயாளிகளுக்கு, கட்டியை ஆபரேஷனில் எடுத்த இடத்தில் பாய்ச்சிப் பார்த்தார்கள். அது கண்ணில் அல்ல. கண் புற்றுக்கு இதுவரை நடந்தது பெரும்பாலும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில்தான். கண் கட்டி இருப்பது விழிக்கு உள்ளே, பின்னால். பிளாஸ்மாவோ மேலாக மிகக் கொஞ்ச ஆழம்தான் இறங்கும். பக்கத்தில் விழித்திரை இருக்கிறது. அதைக் கெடுக்காமல் எப்படி உள்ளே கொண்டுபோவது என்பதே பெரிய கேள்வி.

அதனால் அந்த அம்மாவுக்கு எங்கள் பதில்: காத்திருக்கக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் இந்தப் புற்று, 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்பார்கள், கண் நரம்பு வழியாக மூளைக்குப் போகக் கூடியது. கண்ணுக்குள் இருக்கும்போதே சிகிச்சை செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்துக்கொள்கிறார்கள். வெளியே போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னும் முன்னாடி கண்டுபிடித்திருந்தால் கண்ணையே காப்பாற்ற வழி இருந்திருக்கும். லேசர், உறைய வைக்கும் சிகிச்சை, கீமோ மருந்து, கண்ணின் மேல் வைத்துத் தைக்கும் கதிர்வீச்சுத் தகடு எல்லாம் நம் நாட்டிலேயே உண்டு. அந்தத் தகட்டை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமே செய்திருக்கிறது. ஆனால் கட்டி சின்னதாக இருக்க வேண்டும். அஞ்சு வயதுக்குள்தான் இது அதிகம் வரும். கருவிழியின் நடுவில் வெள்ளையாக, இருட்டில் பூனைக்கண் போல மின்னும். போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் விழும். மாறுகண்ணும் ஓர் அறிகுறி. இந்தப் பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் போட்டோவிலேயே தெரிந்திருக்கிறது. "கண்ணு அழகா மின்னுது"ன்னு எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்ல?

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அப்படித் தெரிந்தால் தாய்ப்பால் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது வேண்டாம். அதே வாரம் புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ, 1934 முதல் திருச்சியில் இருக்கும் ஜோசப் கண் மருத்துவமனைக்கோ போங்கள். மேல்சிகிச்சைக்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா இருக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போய், இந்தச் சிகிச்சை அதில் வருமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்த அம்மா சம்மதித்தார். போக்குவரத்துச் செலவுக்குக் குழுவிலிருந்து உள்கடன் கொடுத்தோம். ஆபரேஷன் முடிந்துவிட்டது, செயற்கைக் கண்ணுக்கு அளவெடுக்க ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருமாம். அதனால் அண்ணன்காரனையும் கூட்டி வரச் சொன்னார்கள். அவனுக்கு நாலு வயது. வியாழக்கிழமை போகிறார்கள்.