தராசு சொல்வது பாதிக் கணக்கு!

நம் தோட்டப்புறத்தில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் போதும், லயத்து வாசலில் பேச்சு ஆரம்பமாகிவிடும். “அவ பெருத்த உடம்பாச்சே, மயக்க மருந்து ரெட்டிப்பாப் போட்டாத்தான் ஏறும்” என்பார் ஒருவர். “அதிகமாப் போட்டா எந்திரிக்கவே மாட்டாளாமே” என்பார் இன்னொருவர். இதைக் கேட்டுப் பயந்து, தேதி கொடுத்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நோயை முற்ற விடுபவர்களும் உண்டு. உண்மை என்ன?

90 கிலோ எடையுள்ள இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் செம்பனைக் குலை வெட்டுபவர். உயரமானவர், உடம்பெல்லாம் தசை. மற்றவர் குள்ளமான அம்மா. உடம்பில் கொழுப்பு அதிகம். தராசு இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் கொழுப்பைத் தள்ளிப் பார்த்தால், அவருக்கு 65 கிலோ தேறும். அந்த அம்மாவுக்கு 50 கூடத் தேறாது.

ஊசியில் ஏற்றும் மயக்க மருந்து, ரத்தம் அதிகம் பாயும் மூளை, இருதயம், ஈரல் ஆகிய இடங்களுக்குத்தான் முதலில் போகிறது. ஒரு நிமிடத்துக்குள் கண் சொருகிவிடும். பிறகு மருந்து மூளையை விட்டுத் தசைக்குப் பரவும். கொழுப்பில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே கடைசியில்தான் போய்ச் சேரும். ஆகவே தூங்க வைக்கும் முதல் ஊசிக்குக் கொழுப்பின் எடையை முழுதாகச் சேர்க்கக் கூடாது.

புரொப்போபோல் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால், 90 கிலோவுக்கு 180. கொழுப்பை நீக்கி 50 கிலோ என்று வைத்தால் 100தான். மிச்சம் 80ம் உள்ளே போனால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். மூச்சும் அதிக நேரம் அடங்கலாம்.

அதற்காக எல்லா மருந்தையும் குறைத்துவிட முடியாது. தசையைத் தளர்த்தும் சக்சமெத்தோனியத்துக்கு முழு எடையையும் பார்ப்பார்கள். வயதானவர்களுக்கு மயக்க மருந்தின் அளவு குறையும். இந்தக் கணக்குக்கென்றே தனி டாக்டர் இருக்கிறார். ஊசி போட்டுவிட்டுப் போய்விட மாட்டார். ஆபரேஷன் முடியும்வரை நோயாளியின் மூச்சையும் நாடியையும் கவனித்துக்கொண்டே இருப்பார்.

நம் பங்குக்கு நாம் உண்மையைச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். தராசில் ஏறி நில்லுங்கள், உயரத்தையும் அளந்துகொள்ளட்டும். ராத்திரியில் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? அது பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அவரையும் கூட்டிப் போங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, ஆபரேஷனுக்குப் பின் வலிக்காகப் போடும் சில ஊசிகள் மூச்சை அடக்கிவிடக்கூடும். தண்ணி போடும் பழக்கம், தினமும் சாப்பிடும் மருந்து, முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த தொல்லை, எதையும் ஒளிக்க வேண்டாம்.

தராசு பாதிக் கணக்கைத்தான் சொல்லும். மீதியை நீங்கள்தான் சொல்ல வேண்டும். லயத்து வாசல் பேச்சை நம்பி, டாக்டர் கொடுத்த தேதியைத் தவற விடாதீர்கள்.