வால்வுக்குள் ஒரு தேரோட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் உயரம் 192 அடி. 1939-ம் வருஷம் மே மாதம் ஆரம்பமான திருச்சி வானொலியை நாம் நெடுநாள் 936 கிலோஹெர்ட்ஸில் கேட்டு வந்தோம். அந்த அலை ஒன்றின் நீளம் 320 மீட்டர். கோபுரத்தைப் போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். கொடைக்கானல் மலையிலிருந்து இராஜபாளையத்துக்கு வரும் பண்பலையோ மூன்றே மீட்டர். எட்டு முழ வேட்டிக்கும் குறைவு! அவ்வளவு பெரிய அலையைச் சிரமமின்றிப் பெருக்கிய பழைய ரேடியோ வால்வு, இந்தச் சிறிய அலையிடம் திணறுவானேன்?

வால்வுக்குள் சூடான கம்பியிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, கிரிட் என்னும் வலையைத் தாண்டித் தகட்டை அடைகின்றன. வலையும் தகடும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆயினும் அதிர்வு மிகுந்தால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டிவிடும். ஐந்து பிக்கோபாரட் இடைவெளி, பத்து லட்சம் அதிர்வில் 32,000 ஓம் தடையாக நிற்கும்; பத்துக் கோடி அதிர்வில் 320 ஓம்தான்! பெருகிய சக்தி திரும்பி வலைக்கே வர, வால்வு தானே ஊளையிடத் தொடங்கும். இதற்குத் திரை வலை, குட்டையான கம்பிகள் என்று பரிகாரங்கள் உண்டு.

பரிகாரத்துக்கு எளிதில் அகப்படாதது எலெக்ட்ரானின் நடைதான். ஆடிப்பூரத் தேரை நினைத்துப் பாருங்கள். முன்னால் நிற்பவர் துண்டை வீசினால் இழுக்கிறார்கள். கையை உயர்த்தினால் நிறுத்துகிறார்கள். வடத்தின் கோடிக்கு ஓர் உத்தரவு எட்டுமுன்பே மறு உத்தரவு பிறந்தால் தேர் எப்படி நகரும்? நூறு வோல்ட்டில் எலெக்ட்ரான் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க, ஒரு செக்கண்டை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் மூன்றில் ஒன்று ஆகிறது. பத்து லட்சம் அதிர்வுக்கு இது அற்பம். நூறு கோடி அதிர்வில், ஒரு அதிர்வின் மூன்றில் ஒரு பகுதி நடையிலேயே தீர்ந்துவிடும். அதற்குள் வலையின் உத்தரவும் மாறிவிடும்.

1895-ல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கண்ணுக்குத் தெரியாத அலையால் தூரத்து மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்க வைத்தார். ஐந்து மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகள் அவர் கையில் இருந்தன. அவற்றைப் பெருக்கும் கருவி உலகில் எங்கும் இல்லை. 1906-ல் அமெரிக்கரான டி பாரஸ்ட் வலை வைத்த வால்வைச் செய்தார். அதுவும் அவற்றுக்கு உதவவில்லை. போஸின் சிற்றலைகள் உறங்கியதற்கு நம் நாடு அடிமைப்பட்டுக் கிடந்ததே காரணம் என்று சொல்ல மனம் துடிக்கிறது. ஆனால் பழியில் பாதியையேனும் எலெக்ட்ரானின் தாமதத்துக்கும் கொடுப்பதே நியாயம்.

பிறகு தாமதமே ஆயுதமாயிற்று. 1937-ல் அமெரிக்காவில் வேரியன் சகோதரர்கள் செய்த கிளைஸ்ட்ரானில், வேகமான எலெக்ட்ரான்கள் மெதுவானவற்றை எட்டிப் பிடித்துக் கும்பலாகச் சேர்கின்றன. அந்தக் கும்பல்களே அலையைப் பெருக்குகின்றன. 1940-ல் பர்மிங்ஹாமில் ராண்டலும் பூட்டும் செய்த மாக்னட்ரான், பத்து சென்டிமீட்டர் அலையைப் பெரும் பலத்துடன் வீசி, யுத்தத்தில் ராடாருக்குக் கண் கொடுத்தது.

டிரான்ஸிஸ்டர் வந்தபின் நம் வீட்டு ரேடியோவிலிருந்து வால்வு வெளியேறிற்று. ஆனால் வீட்டை விட்டே போய்விட்டது என்று எண்ணவேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பில் நேற்றைய சாம்பாரைச் சுட வைக்கும் அம்மாள், ஒரு மாக்னட்ரானைத்தான் முடுக்கிவிடுகிறாள். உள்ளே எலெக்ட்ரான்கள் செக்கண்டுக்கு 245 கோடி அதிர்வுக்குத் தாளம் தப்பாமல் சுழல்கின்றன.